ஜார்ஜ் ருவோ: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ருவோவின் ஒரு படத்தைப் பார்த்துவிட்டால் அடுத்த படத்தை அடையாளம் காண யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கரி பூசியதுபோல் தடித்த கறுப்புக் கோடுகள், அவற்றுக்குள்ளே கனன்றுகொண்டிருக்கும் சிவப்பும் நீலமும், தலை சற்றே சாய்ந்த ஒரு முகம். ஆனால் அவர் வாழ்க்கை பற்றித் தமிழில் படிக்கக் கிடைப்பது குறைவு. ஓவியத்தில் ஆர்வமுள்ள நண்பர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளையும், நானே தேடித் தேடிப் பதில் கண்ட கேள்விகளையும் இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

ருவோ யார்? ஒரு வரியில் சொல்லுங்கள்.

1871-இல் பாரிஸில் பிறந்து 1958-இல் அங்கேயே இறந்த பிரெஞ்சு ஓவியர். கண்ணாடிச் சாளரப் பட்டறையில் எடுபிடிப் பையனாகத் தொழில் தொடங்கியவர். இருபதாம் நூற்றாண்டின் மிக ஆழமான சமய ஓவியர் என்று பலர் சொல்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

பெயரை எப்படி உச்சரிப்பது?

"ருவோ" என்றால் போதும். பிரெஞ்சு எழுத்துக்கூட்டலின் கடைசியில் இரண்டு எழுத்துகள் இருந்தாலும் அவை ஒலிப்பதில்லை.

பிறந்த சூழல் எப்படிப்பட்டது?

1871 மே 27. பாரிஸ் கம்யூன் என்ற மக்கள் எழுச்சி ஆட்சி ரத்தத்தில் முடிந்துகொண்டிருந்த வாரம் அது. வெர்சாயிலிருந்து வந்த அரசுப் படைகள் தெருத் தெருவாக நகரைப் பிடித்துக்கொண்டிருந்தன. பெல்வில் தொழிலாளர் பகுதியில் குண்டுகள் விழுந்தன. பிரசவ வேதனையில் இருந்த தாயை வீட்டின் நிலவறைக்குக் கொண்டுபோனார்கள். அங்கேதான் குழந்தை பிறந்தது.

அப்பா அலெக்சாந்தர் மரவேலைக்காரர். ப்ளெயெல் பியானோ நிறுவனத்தில் பியானோக்களுக்கு மெருகேற்றும் வேலை பார்த்தார். மரத்தைக் கண்டபடி கையாண்டால் அதற்கு வலிக்கும் என்று நம்பிய மனிதர் என்று மகன் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். அம்மாவழித் தாத்தா ஒரு சிறு அலுவலர். பெரிய வருமானம் கிடையாது. ஆனாலும் சேன் ஆற்றங்கரைப் பழைய கடைகளில் மலிவாகக் கிடைக்கும் அச்சுப் படங்களைத் தேடித் தேடிச் சேர்த்தார். தோமியே, கூர்பே, மனே ஆகிய பத்தொன்பதாம் நூற்றாண்டு பிரெஞ்சு ஓவியர்களின் படைப்புகளைப் பேரன் முதலில் பார்த்தது அந்தச் சேகரிப்பில்தான். முதலில் தோமியேவிடம் படித்தேன் என்று ருவோ சொல்வார். நீதிமன்றத்தையும் ஏழைகளையும் ஈவிரக்கமில்லாமல் வரைந்த தோமியே அந்தப் பையன் மனத்தில் எவ்வளவு ஆழமாக இறங்கினார் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

கண்ணாடித் தொழிலுக்கு எப்படி வந்தார்?

வீட்டில் பணமில்லை, பையனுக்கு வரைய வரும். அதற்கு அன்றைய வழி ஒரு பட்டறையில் சேர்த்துவிடுவது. 1885-இல், 14 வயதில், ஒரு கண்ணாடிச் சாளரக் கலைஞரிடம் சேர்ந்தார். பிறகு ஹிர்ஷ் என்பவரின் பட்டறைக்கு மாறினார். அங்கே பழைய தேவாலயங்களிலிருந்து பழுதுபார்க்க வரும் இடைக்காலச் சாளரங்களைக் கையாண்டார்கள். மாலையில் அலங்காரக் கலைப் பள்ளியின் வகுப்புகளுக்குப் போவார்.

பட்டறையில் அவர் வேலை இரண்டு. ஒன்று, சூளையின் தீயைக் கவனித்துக்கொள்வது. மற்றது, பழுதுபார்க்க வந்த சாளரங்களிலிருந்து உதிரும் பழைய கண்ணாடித் துண்டுகளைத் தரம்பிரித்து வைப்பது. கேட்பதற்குச் சின்ன வேலை. ஆனால் நூற்றாண்டுகளுக்கு முன்னே ஒருவர் உருக்கிய நீலத்தைக் கையில் எடுத்து, வெளிச்சத்தை நோக்கிப் பிடித்து, அது எந்தக் குவியலுக்குரியது என்று தீர்மானிக்கும் பையனின் கண் எப்படிப் பழகியிருக்கும்! ஓவியப் பள்ளியில் ஒரு வருடம் சொல்லிக்கொடுத்தாலும் அந்தப் பழக்கம் வராது. பக்கத்திலேயே புதிதாகச் செய்த பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கண்ணாடிகளும் இருந்தன. பழையதற்கு முன் அவை வெளிறித் தெரிவதை அந்த வயதிலேயே அவர் கண்டுகொண்டார்.

அந்தக் கண்ணாடிச் சாளரங்களை உண்மையில் எப்படிச் செய்கிறார்கள்?

கண்ணாடிமேல் வண்ணம் பூசுகிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பகுதி அப்படியில்லை. கண்ணாடியை உருக்கும்போதே உலோக ஆக்சைடைக் கலந்துவிடுவார்கள். கோபால்ட் கலந்தால் நீலம். செம்பு, சூளையின் போக்கைப் பொறுத்து, பச்சையாகவும் வரும், சிவப்பாகவும் வரும். செம்பால் வரும் சிவப்பு மிக அடர்த்தியானது. முழுத் தடிமனும் சிவப்பாக இருந்தால் வெளிச்சம் ஊடுருவாது. அதனால் நிறமற்ற கண்ணாடியின் மேல் மெல்லிய சிவப்புப் படலம் மட்டும் ஏற்றுவார்கள். பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெள்ளிக் கலவையைத் தடவிச் சுட்டு மஞ்சள் நிறம் ஏற்றும் முறையும் வந்தது.

பிறகு முழு அளவில் ஒரு வரைபடம் போட்டு, அதன்படி துண்டுகளை வெட்டுவார்கள். முகம், கை, துணி மடிப்பு போன்றவற்றுக்கு மட்டும் தூரிகை வேலை உண்டு. பொடித்த கண்ணாடியும் இரும்பு அல்லது செம்பு ஆக்சைடும் கலந்த கரும்பழுப்புப் பூச்சு அது. தீட்டிச் சூளையில் வைத்தால் கண்ணாடியோடு ஒட்டிப்போகும். அப்புறம் ஒவ்வொரு துண்டையும் ஈயப் பட்டையின் பள்ளத்தில் செருகி, மூட்டுகளைப் பற்றவைத்து, இடுக்குகளில் மக்கு அடைத்து, இரும்புச் சட்டத்தில் ஏற்றுவார்கள். உள்ளேயிருந்து பார்க்கும்போது அந்த ஈயம்தான் கறுப்புக் கோடாகத் தெரியும்.

அப்படியானால் அவர் ஓவியங்களில் உள்ள கறுப்புக் கோடு ஈயப் பட்டையின் நகல்தானே?

இதுதான் அதிகம் பேர் கேட்கும் கேள்வி. எல்லாப் புத்தகங்களும் "ஆம்" என்று சொல்லிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடும். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை.

முதலாவது, காலக்கணக்கு இடிக்கிறது. பட்டறையை விட்டு 1890-இல் வெளியேறினார். அதற்குப் பின் பத்து ஆண்டுகளுக்கு மேலாக வரைந்த படங்களில் இந்தக் கோடு கிடையாது. ரெம்பிரான்டை நினைவூட்டும் பழுப்பு இருளும் மென்மையான நிழலும்தான் உண்டு. 1903 வாக்கில் தொடங்கும் கோமாளிப் படங்களில் கோடு வருகிறது. ஆனால் அது சாட்டை வீச்சுபோலச் சுழன்று பறக்கும் கோடு, தோமியேவின் கோட்டுக்கு உறவுக்காரன். நிறங்களைப் பாத்திகட்டி நிறுத்தும் கனத்த, நிதானமான கோடு முதல் உலகப் போருக்குப் பின்னால்தான் நிலைபெறுகிறது.

இரண்டாவது, ஈயப் பட்டை ஒரே அகலத்தில், ஒரே கறுப்பில் போகும். ருவோவின் கோடு அப்படியில்லை. கன்னத்தில் தடிக்கும், மூக்கோரத்தில் உடையும், அதன்மேல் பச்சையோ நீலமோ கசிந்து ஏறியிருக்கும்.

அதற்காகப் பட்டறைக்கும் ஓவியத்துக்கும் தொடர்பே இல்லை என்று சொல்ல வரவில்லை. தொடர்பு கோட்டின் வடிவத்தில் இல்லை, கோடு செய்யும் வேலையில் இருக்கிறது. சிவப்புக்கும் நீலத்துக்கும் நடுவே இருட்டு இருந்தால்தான் இரண்டும் தத்தம் பலத்தோடு ஒளிரும் என்பது கண்ணாடிக்காரர்களுக்குத் தெரிந்த விஷயம். பின்னாலிருந்து சூரியன் வராத ஒரு துணியில் அதே ஒளிர்வைக் கொண்டுவரத்தான் அவருக்கு நாற்பது ஆண்டுகள் பிடித்தன.

குஸ்தாவ் மொரோ அவருக்கு என்ன சொல்லிக்கொடுத்தார்?

தனியாக நடக்கும் துணிச்சலை.

1890-இல் பாரிஸ் நுண்கலைப் பள்ளியில் சேர்ந்த ருவோ, 1892-இல் மொரோ பொறுப்பேற்ற வகுப்புக்கு வந்தார். புராணக் காட்சிகளை நகை வேலைபோல் வரைந்த மொரோ, மாணவர்களைத் தன்னைப்போல் வரையச் சொல்லாத அபூர்வமான ஆசிரியர். லூவ்ர் அருங்காட்சியகத்துக்கு அனுப்புவார், தெருவுக்குப் போய்ப் பார்க்கச் சொல்வார், வகுப்பில் வாதாட விடுவார். மத்தீஸ், மார்க்கே, மாங்கேன் எல்லாரும் அந்த வகுப்புக்காரர்களே. ஆசிரியருக்கு மிக நெருக்கமானவர் ருவோ.

1894-இல் "மறைவல்லுநர்களிடையே குழந்தை இயேசு" என்ற படத்துக்கு ஷெனவார் பரிசு கிடைத்தது. ஆனால் எல்லாரும் கனவு காணும் ரோம் பரிசுக்கு இரண்டு முறை போட்டியிட்டும், 1893-லும் 1895-லும், கிடைக்கவில்லை. பள்ளியை விட்டு வெளியே வா என்று மொரோவே சொன்னார். வெளியே வந்தார். 1898-இல் மொரோ இறந்தார்.

அதன்பின் ருவோ மிகவும் உடைந்துபோனார். உடல்நலமும் கெட்டது. 1901-இல் எழுத்தாளர் உய்ஸ்மான்ஸ் லிகுஜே மடத்தருகே அமைக்க நினைத்த கிறிஸ்தவக் கலைஞர் குழுவில் கொஞ்ச காலம் தங்கினார். துறவற சபைகளுக்கு எதிரான அரசின் சட்டத்தால் அந்த முயற்சி கலைந்தது. 1903-இல் மொரோவின் வீடு அருங்காட்சியகமாகத் திறந்தபோது அதன் முதல் காப்பாளராக ருவோ அமர்ந்தார். சம்பளம் சொற்பம். ஆனாலும் குருவின் படங்களைக் காக்கும் வேலை.

மத்தீஸின் நண்பர் என்றால் இவரும் ஃபாவிஸ்ட் ஓவியர்தானா?

பெயர்ப் பட்டியலில் சேர்ப்பார்கள். பாரிஸின் இலையுதிர்கால ஓவியக் காட்சியை 1903-இல் நிறுவியவர்களில் ஒருவர். மத்தீஸும் நண்பர்களும் "காட்டுமிருகங்கள்" (பிரெஞ்சில் "ஃபாவ்") என்ற பட்டம் பெற்ற 1905 காட்சியில் இவர் படங்களும் இருந்தன. ஆனால் அவர்களுடைய அறையில் இல்லை, வேறு அறையில். அவர்கள் வெயிலின் மகிழ்ச்சியை வரைந்துகொண்டிருந்தபோது இவர் இருண்ட நீலத்தில் விலைமாதர்களை வரைந்துகொண்டிருந்தார். உள்ளுணர்ச்சியை அழுத்தமாக வெளிப்படுத்தும் எக்ஸ்பிரஷனிஸ்ட் என்றும் சொல்வதுண்டு. எந்த இயக்கத்திலும் அவர் சேரவில்லை.

கோமாளிகள், விலைமாதர்கள், நீதிபதிகள்: ஏன் இவர்களையே வரைந்தார்?

கோமாளி எங்கிருந்து வந்தான் என்பதை அவரே ஒரு கடிதத்தில் விளக்கியிருக்கிறார். சாலையோரம் ஒரு நாடோடிக் கூத்தாடி வண்டி நிற்கிறது. குதிரை புல் மேய்கிறது. வண்டியின் ஓரத்தில் ஒரு வயதான கோமாளி உட்கார்ந்து, தன் பளபளக்கும் பலவண்ண உடையைத் தைத்துக்கொண்டிருக்கிறான். பிறரைச் சிரிக்கவைக்கச் செய்த மினுமினுப்புக்கும், எட்டிநின்று பார்த்தால் எல்லையில்லாத் துயரமாகத் தெரியும் அந்த வாழ்வுக்கும் உள்ள இடைவெளி ருவோவைத் தாக்கியது. அந்தக் கோமாளி நான்தான், நாம் எல்லாரும்தான் என்று புரிந்தது என்று எழுதுகிறார். நாம் ஒவ்வொருவரும் ஏதோ ஒரு ஜிகினா உடை போட்டிருக்கிறோம், யாராவது அது இல்லாமல் நம்மைப் பார்த்துவிட்டால் தாங்குவதில்லை என்கிறார். அரசனாகவே இருந்தாலும் அவன் உடையை அவனிடம் விட்டுவைக்க மாட்டேன், உள்ளே இருக்கும் ஆன்மாவைப் பார்க்கவே விரும்புகிறேன் என்பது அவர் நிலை.

இந்த ஒரு கடிதத்தைப் பிடித்துக்கொண்டால் மற்றவையும் திறக்கும். விலைமாதர் படங்களில் கிளுகிளுப்பு துளியும் கிடையாது. கண்ணாடி முன் ஒருத்தி உட்கார்ந்திருக்கும் 1906-ஆம் ஆண்டுப் படம் ஒன்றில், கனத்த உடலும் களைத்த முகமும் பார்ப்பவரைக் குற்றவுணர்வில் நிறுத்தும். அவளைக் குற்றம் சொல்லும் தொனி அதில் இல்லை. அவளை அந்த அறையில் உட்கார வைத்தவர்கள்மேல்தான் கோபம்.

நீதிபதிகள் 1907 வாக்கில் வருகிறார்கள். அரசு வழக்கறிஞராக இருந்த கிரானியே என்ற நண்பரோடு பாரிஸ் நீதிமன்றத்துக்குப் போய் உட்கார்ந்து பார்த்தார். சிவப்பு அங்கியும் வெள்ளைப் பட்டையும் பூண்ட அந்த உருவங்களுக்குச் சில படங்களில் கழுத்தே கிடையாது, அங்கியிலிருந்து நேரே தலை. குற்றவாளியின் தலையையும் நீதிபதியின் தலையையும் சில சமயம் தெரியாமல் மாற்றிப் போட்டுவிட்டேனோ என்றுகூட அவர் சொன்னதுண்டு. ஒரு மனிதன் இன்னொரு மனிதனுக்குத் தீர்ப்பு எழுதுவதைப் பார்க்கும்போது தனக்கு ஏற்படும் கலக்கத்தைத்தான் வரைந்ததாகவும், உலகத்துச் செல்வமெல்லாம் கொடுத்தாலும் அந்த நாற்காலியில் உட்காரமாட்டேன் என்றும் அவர் கூறினார்.

இவ்வளவு பக்தியுள்ளவர் ஏன் இப்படி அவலட்சணமான முகங்களை வரைந்தார்?

இந்தக் கேள்வியை முதலில் கேட்டவர் அவர் மிகவும் மதித்த ஒருவர். கத்தோலிக்க எழுத்தாளர் லேயோன் ப்ளுவா. வறுமையின் புனிதத்தைப் பற்றிக் கனல் பறக்க எழுதியவர் அவர். 1904-இல் ருவோ அவரோடு பழகத் தொடங்கினார். ப்ளுவாவின் நாவலில் வரும் ஒரு தம்பதியை 1905-இல் வரைந்து காட்சிக்கும் வைத்தார். ப்ளுவா அதிர்ந்துபோனார். கோரத்தை மட்டுமே தேடுகிறாய், பிரார்த்தனை செய்பவன் இப்படியா வரைவான் என்ற தோரணையில் கடுமையாக எழுதினார். ருவோ அதற்குப் பதில் வாதம் செய்யவில்லை, நட்பை முறித்துக்கொள்ளவும் இல்லை. ஓவிய முறையை மட்டும் மாற்றிக்கொள்ளவே இல்லை.

என் பதில் இது. அவர் வரைந்த இயேசுவின் முகத்தையும் கோமாளியின் முகத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள். அதே நீண்ட மூக்கு, அதே இறங்கிய இமை, அதே சாய்வு. துன்பப்படுகிறவனின் முகம் ஒன்றுதான் என்று அவர் நம்பினார். அதனால் தெருவில் கண்ட முகத்தை அழகுபடுத்துவது அவருக்குப் பொய் சொல்வதுபோல.

குடும்ப வாழ்க்கை?

1908-இல் மார்த் ல சிதனேரை மணந்தார். ஓவியர் ஆன்றி ல சிதனேரின் தங்கை. நான்கு பிள்ளைகள். படங்கள் விற்காத ஆண்டுகளில் மார்த் பியானோ வகுப்பு எடுத்துக் குடும்பத்தை ஓட்டினார். 1911 வாக்கில் வெர்சாயில் குடியேறியபோது தத்துவவாதி ஜாக் மரித்தேன் குடும்பத்தோடு நெருக்கம் ஏற்பட்டது. மரித்தேனின் கலைச் சிந்தனையில் ருவோவின் தடத்தைத் தெளிவாகக் காணலாம்.

வொல்லார் யார்? நல்லவரா கெட்டவரா?

அம்புருவாஸ் வொல்லார் பாரிஸின் புகழ்பெற்ற ஓவிய வணிகர். ஓவியர் செசானின் முதல் தனிக்காட்சியை நடத்தியவர். 1913-இல் ருவோவின் பட்டறையில் இருந்த அத்தனையையும் ஒட்டுமொத்தமாக வாங்கிக்கொண்டார். 1917-இல் இனி வரைவதும் எனக்கே என்று ஒப்பந்தம் போட்டார். முடிக்காத படங்களை என் வேகத்தில், எனக்குப் போதும் என்று தோன்றும்வரை திருத்த விடவேண்டும் என்பது ருவோ வைத்த நிபந்தனை. பின்னாளில் வொல்லாரின் வீட்டு மாடியிலேயே ஓவியருக்கு ஒரு பட்டறை ஏற்பாடானது.

கடன் தொல்லை நீங்கியது உண்மை. பதிலுக்கு வொல்லார் புத்தகத் திட்டங்களாகக் குவித்தார். ருவோ ஏறத்தாழ பத்து ஆண்டுகள் செப்புத் தகடுகளில் மூழ்கிப்போனார். நல்லவர், கெட்டவர் என்று ஒரு சொல்லில் அடக்க முடியவில்லை. அவர் இல்லாவிட்டால் "மிசரேரே" என்ற அச்சோவியத் தொகுப்பு இன்று நாம் காணும் வடிவில் வந்திருக்காது. அது எனக்குப் பெரிய விஷயம்.

"மிசரேரே" என்றால் என்ன?

லத்தீனில் "இரங்கும்" என்று பொருள். "கடவுளே, என்மேல் இரங்கும்" என்று தொடங்கும் திருப்பாடலின் முதல் சொல். 58 பெரிய கறுப்பு வெள்ளை அச்சோவியங்கள் அடங்கிய தொகுப்புக்கு ருவோ வைத்த பெயர்.

1912-இல் தந்தை இறந்தார். அந்தத் துக்கத்தில் மையால் சில படங்கள் வரைந்தார். இரண்டு ஆண்டில் உலகப் போர் மூண்டது. தனித் துக்கம் உலகத் துக்கமாக விரிந்தது. "மிசரேரே", "போர்" என்று இரண்டு பாகம், ஒவ்வொன்றிலும் 50 படம் என்பது முதல் திட்டம். கடைசியில் 58-இல் நின்றது.

செய்முறையைக் கொஞ்சம் சொல்லியே ஆகவேண்டும். ருவோவின் படங்களை ஒளிப்பட முறையில் செப்புத் தகட்டில் ஏற்ற வொல்லார் ஏற்பாடு செய்தார். வேறொருவராக இருந்தால் அதோடு அச்சுக்கு அனுப்பியிருப்பார். வந்த தகடுகளைப் பார்த்து ருவோவுக்கு மனம் ஒப்பவில்லை. அரம், சுரண்டி, அமிலம், உப்புத்தாள், ஊசி என்று கையில் கிடைத்த கருவியையெல்லாம் எடுத்து, ஒவ்வொரு தகட்டையும் ஏறக்குறையப் புதிதாகவே செய்தார். ஓர் அச்சு எடுத்துப் பார்ப்பார், மறுபடி அரிப்பார், மறுபடி எடுப்பார். சில தகடுகளுக்குப் பத்துப் பன்னிரண்டு நிலைகள்கூட உண்டு. அதனால்தான் அந்தக் கறுப்பு வெறும் மையாக இல்லாமல் வெல்வெட்டுபோல் ஆழமாக இருக்கிறது; வெள்ளை உள்ளேயிருந்து வருகிறது. வண்ணமே இல்லாமல் கண்ணாடிச் சாளரத்தின் வெளிச்சத்தை அவர் பிடித்த இடம் இது. 1927-இல் அச்சு முடிந்தது. வெளிவந்தது 1948-இல், வொல்லார் இறந்து, இன்னொரு போரும் முடிந்தபிறகு.

ஒவ்வொரு படத்துக்கும் அடியில் ஒரு வாசகம் உண்டு. ஒரு கோமாளி முகத்தின்கீழ், "வேடம் பூசிக்கொள்ளாதவர் யார்?" என்ற கேள்வி. மூக்கை நிமிர்த்திய சீமாட்டிக்குக்கீழே, சொர்க்கத்தில் தனக்கு இடம் பதிவாகிவிட்டதென நம்புகிறாள் என்று வரும். போர் பற்றிய பகுதியில் "அன்னையர் வெறுக்கும் போர்கள்" என்ற பழைய லத்தீன் தொடர்.

46-ஆம் படத்துக்கு வந்தபோது நான் அப்படியே நின்றுவிட்டேன். "நீதிமான் சந்தன மரம் போன்றவன், தன்னை வெட்டும் கோடாரிக்கும் மணம் ஊட்டுகிறான்." நம் ஊரில் பாட்டிகளும் ஆசிரியர்களும் சொல்லக் கேட்ட உவமை! சந்தனமரமும் அதை வெட்டும் கோடாரியும் இந்திய நீதிப் பாடல்களில் நெடுங்காலமாக வருபவை. பெல்வில் நிலவறையில் பிறந்த ஒரு கத்தோலிக்கர் அதை எடுத்து, போரின் நடுவே, இயேசுவின் பாடுகளுக்கு அருகே வைத்திருக்கிறார். படத்தில் சந்தன மரமோ கோடாரியோ கிடையாது. சோர்ந்து கிடக்கும் ஒரு மனித உடல்.

தன் படங்களைத் தானே எரித்தாரா? எதற்காக?

ஆமாம். 1948 நவம்பர் 5 அன்று, சட்ட அலுவலர் முன்னிலையில், 315 படங்களைத் தீயில் போட்டார். அப்போது அவருக்கு வயது 77.

கதை இதுதான். 1939 ஜூலையில் வொல்லார் கார் விபத்தில் இறந்தார். அவர் வீட்டில் ருவோவின் முடிவுறாத படங்கள் ஏறத்தாழ 800 இருந்தன. வாரிசுகள் அறையைப் பூட்டினார்கள். படங்கள் எங்கள் சொத்து என்றார்கள். அவற்றில் பல விற்கவும் பட்டன. முடிக்காத, கையெழுத்திடாத படம் ஓவியனை விட்டு இன்னும் வெளியேறவே இல்லை, அதைத் தொடவும் மாற்றவும் அழிக்கவும் எனக்கே உரிமை என்று ருவோ வழக்குப் போட்டார். பணம் வாங்கிக்கொண்டு ஒப்பந்தம் போட்டிருந்ததால் எளிய வழக்கு இல்லை. 1946-இல் கீழ் நீதிமன்றமும், 1947 மார்ச்சில் பாரிஸ் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அவருக்கே சாதகமாகத் தீர்ப்பளித்தன. படைப்பை முடித்துத் தானாக ஒப்படைக்கும்வரை அது கலைஞனுடையது என்ற கொள்கை பிரெஞ்சுச் சட்டத்தில் இந்த வழக்கால் வலுப்பெற்றது. சட்டக் கல்லூரிகளில் இன்றும் படிக்கிறார்கள்.

ஏற்கெனவே விற்றுப்போனவை போக, சுமார் 700 படங்கள் திரும்பி வந்தன. இனி எனக்கிருக்கும் ஆயுளில் இவற்றையெல்லாம் முடிக்க முடியாது என்று கணக்குப் போட்டார். முடிக்க இயலாதவற்றைப் பிரித்து எரித்தார். அன்று அவர் படங்கள் நல்ல விலை போய்க்கொண்டிருந்தன. 315 என்பது ஒரு பெருஞ்செல்வம்.

விளம்பரத்துக்காகச் செய்தார் என்று சொல்பவர்களை எனக்குப் புரியவில்லை. வாழ்நாள் முழுவதும் அவர் தன்னைக் கைவினைஞராகவே நினைத்தார். அரைகுறையாகச் சுட்ட கண்ணாடியைப் பட்டறையிலிருந்து எவரும் தேவாலயத்துக்கு அனுப்பமாட்டார்கள். பியானோவுக்கு மெருகேற்றிய அப்பாவும் அதைத்தான் சொல்லியிருப்பார்.

அவரே செய்த கண்ணாடிச் சாளரங்கள் எங்கே இருக்கின்றன?

பிரான்ஸின் ஆல்ப்ஸ் மலையில், மோன் ப்ளாங் சிகரத்தை நோக்கியிருக்கும் ஆஸி என்ற ஊரில். "அனைத்து அருளின் அன்னை" ஆலயம். காசநோயாளிகள் சிகிச்சைக்காகத் தங்கிய மலைப்பகுதி அது. அவர்களுக்காக ஆலயம் கட்ட நினைத்தவர் அருட்தந்தை தெவெமி. கட்டட வடிவமைப்பு மொரீஸ் நோவரினா.

அவருக்குத் துணை நின்ற டொமினிக்கன் துறவி மரி-ஆலேன் குத்தூரியே, நவீன ஓவியர்களை மீண்டும் கோயிலுக்குள் கொண்டுவரப் போராடியவர். நம்பிக்கையுள்ள சாதாரணக் கலைஞனைவிட, நம்பிக்கையில்லாத மேதையிடம் வேலையைக் கொடுப்பது மேல் என்பது அவர் வாதம். 1939-இல் பாரிஸில் நடந்த புதிய கண்ணாடிச் சாளரக் காட்சியில் ருவோவின் வரைவிலிருந்து செய்த ஒரு சாளரத்தைத் தெவெமி பார்த்தார். துன்புறும் இயேசு. அதை ஆஸிக்குக் கேட்டார். பிறகு இயேசுவின் முகத்தைத் துடைத்த வெரோனிக்கா, மலர்க்கொத்து எனச் சேர்ந்து ஐந்து சாளரங்கள் ஆயின. கண்ணாடியில் செய்து கொடுத்தவர் போல் பொனி. வரைவு ருவோவுடையது, கைவேலை பொனியுடையது. இன்று அந்த இரண்டாவது பெயரைப் பலர் விட்டுவிடுகிறார்கள். 14 வயதில் சூளைக்குத் தீ மூட்டிய பையனின் ஓவியம் ஒரு கோயிலின் சாளரமாக ஏறியபோது அவருக்கு எழுபது கடந்திருந்தது. அவ்வளவு காலமும் திருச்சபை அவரிடம் எதுவும் கேட்டதில்லை.

1950-இல் ஆலயம் அர்ச்சிக்கப்பட்டது. முகப்பில் லெஜேயின் மொசைக், உள்ளே மத்தீஸ், பொன்னார், ஷகால், பசேன், லுர்சா என்று அந்த ஒரே கூரையின்கீழ் ஒரு தலைமுறையே இருக்கிறது. ஜெர்மேன் ரிஷியே செய்த சிலுவை உருவம் பெரும் சர்ச்சையைக் கிளப்பி, 1951-இல் பீடத்திலிருந்து அகற்றப்பட்டது. பல ஆண்டுகள் கழித்தே திரும்ப வந்தது.

அவர் படங்களில் வண்ணம் ஏன் இவ்வளவு தடிமனாக இருக்கிறது?

ஆரம்ப காலத்தில் காகிதத்தில் நீர்வண்ணம், கோவாஷ் (ஒளி ஊடுருவாத நீர்வண்ணம்) வகைகளைப் பயன்படுத்தினார். முதல் போருக்குப் பின் எண்ணெய் வண்ணத்துக்கு வந்தார். படத்தை மேசைமேல் கிடத்தி வரைவார், பலவற்றை ஒரே நேரத்தில். பூசுவார், காயவிடுவார், சுரண்டுவார், மறுபடி பூசுவார். ஒரு படம் பத்து இருபது ஆண்டுகள்கூடப் பட்டறையில் இருக்கும். 1940-களின் இறுதியிலிருந்து சுரண்டுவது குறைந்து, வண்ணம் மண்மேடுபோல ஏறியது. அக்காலப் படங்களைப் பக்கவாட்டில் நின்று பார்த்தால் புடைப்புச் சிற்பம் என்றே சொல்லலாம். அந்த நாட்களில் அவருடைய மஞ்சளும் பச்சையும் மகிழ்ச்சியோடு இருக்கின்றன. கோபம் தணிந்த முதியவரின் மாலை வெயில் அது.

இறுதிக் காலம்?

1958 பிப்ரவரி 13 அன்று, 86 வயதில் காலமானார். பாரிஸ் சேன்-ஜெர்மேன்-தே-ப்ரே ஆலயத்தில் அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு நடந்தது. 1963-இல் மார்த்தும் பிள்ளைகளும் பட்டறையில் எஞ்சியிருந்த ஏறத்தாழ ஆயிரம் முடிவுறாத படைப்புகளை நாட்டுக்கே கொடுத்துவிட்டார்கள்.

எங்கே பார்க்கலாம்? எதிலிருந்து தொடங்குவது?

அந்தக் குடும்பக் கொடை பாரிஸ் பாம்பிடூ மையத்தில் இருக்கிறது. கட்டடம் 2025 முதல் புதுப்பிப்புக்காக மூடியிருப்பதால் இப்போதைக்குப் பாரிஸ் நவீனக் கலை அருங்காட்சியகத்துக்குப் போகலாம். அங்கேயும் நல்ல சேகரிப்பு உண்டு. மாணவப் பருவத்துப் பரிசுப் படம் கோல்மாரின் உன்டர்லிண்டன் அருங்காட்சியகத்தில். ஐரோப்பாவுக்கு வெளியே ருவோவை அதிகம் நேசிக்கும் நாடு ஜப்பான். டோக்கியோவின் பானசோனிக் ஷியோதோமே அருங்காட்சியகத்தில் அவருக்கென்றே ஓர் அறை உண்டு.

ஒரே ஒரு படம் என்றால் "முதிய அரசன்". அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில், கார்னகி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1916-இல் தொடங்கி, அடுத்த இருபது ஆண்டுகள் தொட்டுத் தொட்டு முடித்தது. பக்கவாட்டில் ஒரு தாடி முகம், தலையில் கிரீடம், சிவந்த அங்கி, கழுத்தில் நகை. கையில் செங்கோல் இருக்கவேண்டிய இடத்தில் சின்ன வெள்ளைப் பூக்கள். நல்ல அச்சுப் பிரதி கிடைத்தாலும் போதும். அறை விளக்கைக் கொஞ்சம் குறைத்துவிட்டு, நான்கடி தள்ளி நின்று பாருங்கள். முதலில் கறுப்பு மட்டும் தெரியும். சற்று நேரத்தில் அங்கியின் சிவப்பு மேலெழும், கடைசியாக அந்தப் பூக்கள்.